சண்டை நடுவே ஒளிவது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம். எங்கள் மேசையில் ஆட்டம் நின்று எல்லோரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: யாராவது "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்லும் இடத்தில். புதிதாக ஆட வருபவர்களுக்கு ஆட்டம் நடத்தும்போதும் இதே கதைதான். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் இப்போது இரண்டு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்குகள் (ஆடுபவருக்கான விதிப் புத்தகங்கள்) புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று 2014இல் வந்தது, மற்றது 2024இல் திருத்தி வந்தது. ஒளிவதற்கான விதி இரண்டிலும் வேறுவேறு. உங்கள் மேசையில் எந்தப் புத்தகம் என்பதை டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) முதலிலேயே கேட்டுவிடுங்கள். புத்தகம் சொல்வதையும் என் சொந்தத் தீர்ப்பையும் கலக்காமல் சொல்ல முயன்றிருக்கிறேன்.

சண்டை தொடங்கிய பிறகும் ஒளிய முடியுமா? முன்னாடியே ஒளிந்திருந்தால்தான் உண்டா?

தொடங்கிய பிறகும் முடியும். அதற்கென்றே ஹைட் என்ற ஆக்‌ஷன் இருக்கிறது. உங்கள் டர்னில் (உங்கள் முறை வரும்போது) ஒரே ஒரு ஆக்‌ஷன்தான் கிடைக்கும் என்பதால், அதை ஒளிவதற்குச் செலவழித்தால் அந்த டர்னில் தாக்க முடியாது. பெரும்பாலான கதாபாத்திரங்களுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் போராளிகள் சண்டை நடுவே ஒளிவதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

ரோக் (பதுங்கித் தாக்கும் திருடன் வகைக் கதாபாத்திரம்) விஷயம் வேறு. இரண்டாம் லெவலில் அவருக்குக் கன்னிங் ஆக்‌ஷன் கிடைக்கிறது. அதன்படி ஒளிவதை போனஸ் ஆக்‌ஷனாகச் செய்துவிட்டு, ஆக்‌ஷனைத் தாக்குதலுக்கு வைத்துக்கொள்ளலாம். காப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களுக்கும் இதே வசதி உண்டு. இந்தப் பக்கத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ரோக் ஆடுபவர்களிடமிருந்து வந்தவை, மிச்சம் அவர்களைச் சமாளிக்கும் டிஎம்களிடமிருந்து வந்தவை.

ஒளிவதற்கு என்ன உருட்ட வேண்டும்? எவ்வளவு வந்தால் போதும்?

இருபது முகப் பகடையை உருட்டி, அதோடு உங்கள் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) எண்ணைக் கூட்ட வேண்டும். 2024 விதிப்படி மொத்தம் 15 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒளிந்துவிட்டீர்கள். அந்த மொத்தத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தேடுபவர் எட்ட வேண்டிய எண் அதுதான்.

2014 விதியில் 15 என்ற கணக்கு கிடையாது. அங்கே உங்கள் மொத்தத்தை ஒவ்வொரு எதிரியின் பாஸிவ் பெர்செப்ஷனோடும் ஒப்பிட வேண்டும். பாஸிவ் பெர்செப்ஷன் என்பது 10உடன் அந்த எதிரியின் பெர்செப்ஷன் எண்ணைக் கூட்டியது, அதாவது அவர் தனியாகத் தேடாமலேயே கவனிக்கும் திறன். உதாரணத்துக்கு, டெக்ஸ்டெரிட்டி +3 வைத்து ஸ்டெல்த்தில் எக்ஸ்பர்டீஸ் (கூடுதல் தேர்ச்சி, இங்கே +4) எடுத்த முதல் லெவல் ரோக்குக்கு மொத்தம் +7. அவர் பகடையில் 4 உருட்டினால் 11. சாதாரணக் காப்ளினின் பாஸிவ் பெர்செப்ஷன் 9தான், அதனால் 2014 விதிப்படி ஒளிந்துவிட்டார். 2024 விதிப்படி அதே 11 போதாது.

எந்த இடத்தில் ஒளியலாம்? மேசைக்குப் பின்னால் குனிந்தால் போதுமா?

2024 புத்தகம் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. ஒன்று, நீங்கள் அடர்ந்த மறைப்புக்குள் இருக்க வேண்டும். கும்மிருட்டு, கனத்த மூடுபனி, நெருக்கமான புதர் எல்லாம் இதில் சேரும். அல்லது முக்கால் கவர், முழுக் கவர் (கவர் என்றால் உடம்பை மறைக்கும் தடுப்பு) இரண்டில் ஒன்றுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதோடு, எந்த எதிரியின் பார்வைக் கோட்டிலும் இருக்கக் கூடாது. தாழ்ந்த சுவர், நாற்காலி, இன்னொரு ஆளின் உடம்பு இவையெல்லாம் தருவது பாதிக் கவர்தான். ஒளிய அது போதாது.

மேசை நேராக நின்றால் அடியில் எல்லாம் தெரியும். அதைக் கவிழ்த்துப் போட்டு, பின்னால் படுத்துக்கொண்டால் அந்தப் பக்கத்து எதிரிகளுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். நான் அதை அனுமதிப்பேன். ஆனால் படுத்த நிலையிலிருந்து எழுந்திருக்க உங்கள் நகர்வில் பாதி போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

2014 புத்தகத்தில் இவ்வளவு பட்டியல் இல்லை. உங்களைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய ஒருவரிடமிருந்து நீங்கள் ஒளிய முடியாது, சூழ்நிலை ஏற்றதா என்பதை டிஎம் தீர்மானிப்பார், அவ்வளவுதான்.

ஒளிந்திருப்பது, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது, கவரில் இருப்பது, மூன்றும் ஒன்றுதானே?

மூன்றும் வேறு. மேசையில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி இந்த மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்புவதால் வருவதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவர் என்பது உங்களுக்கும் அம்புக்கும் இடையே என்ன இருக்கிறது என்ற கேள்வி. பாதிக் கவர் உங்கள் ஆர்மர் கிளாஸுக்கு (உங்களைத் தாக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 2 கூட்டும், முக்கால் கவர் 5 கூட்டும், முழுக் கவரில் இருப்பவரை நேராகக் குறிவைக்கவே முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது என்பது எதிரியின் கண் உங்களை எட்டுகிறதா என்ற கேள்வி. எட்டாவிட்டால் அவர் உங்களைத் தாக்கும்போது டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது), நீங்கள் அவரைத் தாக்கும்போது அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது). ஒளிந்திருப்பது என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எதிரிக்குத் தெரியுமா என்ற கேள்வி. கண்ணில் படாமல், காதிலும் விழாமல் இருந்தால்தான் அது நடக்கும்.

இன்விஸிபிலிட்டி (மறையும்) மந்திரம் போட்டுக்கொண்ட விஸார்ட் (மந்திரவாதி) கூடத்தின் நடுவே நிற்கிறார் என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் காலடிச் சத்தமும் மூச்சும் கேட்கின்றன. 2014 விதிப்படி அவர் ஹைட் ஆக்‌ஷன் எடுக்காதவரை எதிரிகளுக்கு அவர் வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது பொதுவாகத் தெரியும். டிஸ்அட்வான்டேஜோடு அந்தக் கட்டத்தை நோக்கி வாளை வீசலாம். அவரே ஒளிந்தும்விட்டால் எதிரி கட்டத்தை ஊகிக்க வேண்டும், தவறான கட்டத்தை ஊகித்தால் அடி தானாகவே தப்பும். மந்திரத்தால் மறைந்தவர் எந்த இடத்திலும் ஒளிய முயலலாம் என்பது அவருடைய பெரிய லாபம்.

2024 புத்தகம் இதில் ஒரு பெயர்க் குழப்பத்தைச் சேர்த்திருக்கிறது. ஹைட் ஆக்‌ஷன் வெற்றி பெற்றால் உங்களுக்குக் கிடைக்கும் நிலையின் பெயரே 'இன்விஸிபிள்'. உங்கள் உடம்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒளிந்திருப்பவருக்குக் கிடைக்கும் பலன்களை அந்த நிலையின் கீழ் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் தூணுக்குப் பின்னால் போனதை எதிரி பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் எப்படி அது ஒளிந்ததாகும்?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் பெரும்பாலோர் டிஎம்கள். நீங்கள் எங்கே போனீர்கள் என்று எதிரிக்கு நினைவிருந்தால் ஒளிய முடியாது என்று இரண்டு புத்தகங்களிலும் ஒரு வரி கூட இல்லை. ஒளியும் நேரத்தில் அவர் உங்களைப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. தூணுக்குப் பின்னால் போனதை அவர் பார்த்திருக்கலாம். நீங்கள் எந்தப் பக்கமாக, எந்த நொடியில் தலையை நீட்டுவீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு ரவுண்ட் (எல்லோருக்கும் ஒரு டர்ன்) ஆறு நொடி. அந்த ஆறு நொடியில் அவரைச் சுற்றி நான்கு பேர் வாள் வீசிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரிக்கும் வழி இருக்கிறது. அவர் தூணைச் சுற்றி நடந்து வரலாம். வந்து உங்களை நேராகப் பார்த்துவிட்டால், நீங்கள் ஒளிந்திருப்பது முடிந்தது. அல்லது ரெடி ஆக்‌ஷன் எடுத்து, "அவள் தலை தெரிந்ததும் அம்பு விடுவேன்" என்று காத்திருக்கலாம். புத்தியுள்ள எதிரி இரண்டாவது ரவுண்டிலிருந்து இதைச் செய்வார், செய்யவும் வேண்டும்.

அதே தூணுக்குப் பின்னாலிருந்தே ஒவ்வொரு ரவுண்டும் ஒளிந்து அடித்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சில டிஎம்கள் மூன்றாவது முறையிலிருந்து ஸ்டெல்த் உருட்டலுக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கிறார்கள். 2014 விதியில் சூழ்நிலையைத் தீர்மானிக்கும் உரிமை டிஎம்முக்கு இருப்பதால் அது தவறில்லை. நான் அப்படிச் செய்வதில்லை. ரோக்கின் பலமே அதுதான், அந்த வகுப்பை அதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள். எதிரிகளை நகர வைப்பதே எனக்குப் பிடித்த பதில்.

ஒரு காப்ளினுக்கு நான் தெரியவில்லை, இன்னொன்றுக்குத் தெரிகிறது. நான் ஒளிந்திருக்கிறேனா இல்லையா?

2014 விதிப்படி ஒளிவது ஆளுக்கு ஆள் மாறும். முதல் காப்ளினிடமிருந்து ஒளிந்திருப்பீர்கள், இரண்டாவதிடமிருந்து இல்லை. உங்கள் ஒரே உருட்டலை டிஎம் ஒவ்வொருவரின் பாஸிவ் பெர்செப்ஷனோடும் தனித்தனியாக ஒப்பிடுவார். பார்த்த காப்ளின் தன் டர்னில் "பீப்பாய்க்குப் பின்னால்!" என்று கத்தலாம். கேட்ட காப்ளினுக்கு உங்கள் இடம் தெரிந்துவிடும், ஆனால் கண்ணுக்கு நீங்கள் இன்னும் தெரியவில்லை. முன்பு பார்த்த மூன்று விஷயங்களையும் பிரித்து வைத்திருந்தால் இது குழப்பாது.

2024இல் எளிமை. ஒளியும்போது எந்த எதிரியின் பார்வையிலும் இருக்கக் கூடாது, பிறகு ஓர் எதிரி கண்டுபிடித்தாலும் ஒளிந்திருப்பது முடிந்துவிடும். பதிலுக்கு உங்களுக்கும் ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க முடிகிற ஒரு எதிரியால் உங்களைப் பார்க்க முடிகிறதா என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உருட்டுவதற்கு முன் "இங்கிருந்து யாருக்கு நான் தெரிவேன்?" என்று டிஎம்மிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

சரி, ஒளிந்துவிட்டேன். அதனால் என்ன லாபம்?

முதல் லாபம் அட்வான்டேஜ். இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டிய இடத்தில், ஒரு பகடையில் 50 சதவீதமாக இருந்த வாய்ப்பு 75 சதவீதமாகிறது. ரோக்குக்கு இதோடு ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதமும் உறுதியாகிறது. ஐந்தாம் லெவலில் அது கூடுதலாக மூன்று ஆறு முகப் பகடை.

ஆனால் ஸ்னீக் அட்டாக்குக்கு ஒளிந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் தவறு. நீங்கள் குறிவைத்த எதிரிக்கு ஐந்தடிக்குள் உங்கள் தோழர் ஒருவர் நின்று சண்டையிட்டுக்கொண்டிருந்து, உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் எதுவும் இல்லாவிட்டாலே போதும். ஒளிய இடமில்லாத அறையில் புது ரோக்குகள் சோர்ந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைவுபடுத்துகிறேன்.

தற்காப்பு லாபத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒளிந்திருப்பவரைக் குறிவைக்க முடிந்தாலும் டிஸ்அட்வான்டேஜ். மேஜிக் மிஸைல் போல "பார்க்கக்கூடிய ஒருவரை" என்று கேட்கும் மந்திரங்கள் உங்கள் மேல் வராது. விலகி ஓடும்போது எதிரிக்குக் கிடைக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கும் பார்க்கக்கூடியவர் மேல்தான் என்பதால் அதுவும் இல்லை. ஆனால் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் யாரையும் பார்க்கத் தேவையில்லாதது. அது வெடித்த இடத்தில் நீங்கள் இருந்தால் எரிவீர்கள்.

அம்பு தப்பிவிட்டது. யார் மேலும் படவில்லையே, இன்னும் ஒளிந்துதானே இருக்கிறேன்?

இல்லை. பட்டாலும் படாவிட்டாலும் தாக்கியதும் உங்கள் இடம் வெளிப்பட்டுவிடும். இது இரண்டு புத்தகங்களுக்கும் பொது. ஸ்கல்கர் என்ற ஃபீட் (விரும்பி எடுக்கும் தனித்திறன்) எடுத்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 2014இல் எறியும், எய்யும் தாக்குதல் தப்பினால் அவர் இடம் வெளிப்படாது. 2024இல் அது ஒளிந்திருந்து செய்யும் எந்தத் தாக்குதலுக்கும் பொருந்தும்.

ஒரே டர்னில் இரண்டு முறை தாக்குபவர்களுக்கும் இதே பதில்தான். முதல் அடிக்கு அட்வான்டேஜ் உண்டு, இரண்டாவது அடி சாதாரணமாக உருட்ட வேண்டும்.

ஒளிந்த இடத்திலிருந்து ஓடிப் போய்க் கத்தியால் குத்தலாமா?

2014 புத்தகம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. சண்டையில் எல்லோரும் நாலாபக்கமும் கவனமாக இருப்பார்கள், வெளியே வந்து நெருங்கினால் பொதுவாக உங்களைப் பார்த்துவிடுவார்கள். எதிரியின் கவனம் வேறெங்கோ இருந்தால், நெருங்கும்வரை ஒளிந்தே இருக்க டிஎம் அனுமதிக்கலாம். எதிரி உங்கள் தோழரோடு கத்திச் சண்டையில் இருக்கிறார், நீங்கள் அவர் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் நான் அனுமதிப்பேன்.

2024இல் இதுதான் பெரிய சர்ச்சை. ஒளிந்திருப்பது எப்போது முடியும் என்பதற்கு நான்கு காரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். கிசுகிசுப்பை விடச் சத்தம் போட்டால், எதிரி உங்களைக் கண்டுபிடித்தால், தாக்குதலுக்குப் பகடை உருட்டினால், வாயால் சொல்ல வேண்டிய மந்திரத்தைப் போட்டால். கவரை விட்டு வெளியே வருவது இந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சிலர், ஒருமுறை 15 உருட்டிவிட்டால் பட்டப்பகலில் காவலாளிகள் முன்னால் நடந்து போகலாம் என்கிறார்கள். வேறு சிலர், கண்ணெதிரே நின்றால் அதுவே எதிரி கண்டுபிடித்ததுதான் என்கிறார்கள்.

இதில் என் தீர்ப்பு: ஒளிந்த இடத்திலிருந்து கிளம்பி அதே டர்னில் போய்த் தாக்கினால் அட்வான்டேஜ் உண்டு. கத்தி வைத்திருக்கும் ரோக்கும் வில் வைத்திருப்பவர் போலவே ஆட முடிய வேண்டும். தாக்காமல் திறந்த வெளியில் டர்னை முடித்தால், பார்க்கும் நிலையில் இருக்கும் எந்த எதிரியும் உங்களைக் கண்டுபிடித்துவிட்டார். உங்கள் டிஎம் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், அதனால் சண்டை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒளிந்துகொண்டே மந்திரம் போடலாமா?

போடலாம், ஆனால் வாய்ச்சொல் வேண்டிய மந்திரமாக இருந்தால் போட்டவுடன் ஒளிந்திருப்பது முடிந்தது என்று 2024 புத்தகம் நேராகச் சொல்கிறது. 2014இல் மந்திரத்தைப் பற்றித் தனி வரி இல்லை. சத்தம் போட்டால் இடம் வெளிப்படும் என்ற பொது விதி இருக்கிறது, மந்திரச் சொல்லைக் குறிப்பிட்ட சுருதியில் ஒலித்துச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அதே முடிவுதான் வரும். மந்திர வகுப்புகளில் ஒன்றான சார்சரர், சட்டில் ஸ்பெல் என்ற திறனைப் பயன்படுத்தினால் வாய்ச்சொல் தேவையில்லை, அவர் தொடர்ந்து ஒளிந்திருக்கலாம். அந்த மந்திரத்துக்குத் தாக்குதல் உருட்டல் இருந்தால் மட்டும் அம்புக்குச் சொன்ன பதிலே பொருந்தும்.

இருட்டாக இருக்கிறது, ஆனால் எதிரிக்கு டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) இருக்கிறது. ஒளிய முடியுமா?

அவருடைய டார்க்விஷன் எல்லைக்குள் இருட்டை மட்டும் நம்பி ஒளிய முடியாது. டார்க்விஷன் கும்மிருட்டை மங்கிய வெளிச்சமாக மாற்றுகிறது. மங்கிய வெளிச்சம் லேசான மறைப்பு மட்டுமே, ஒளிய அடர்ந்த மறைப்பு வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்த எல்லை 60 அடி, ட்ரௌ என்ற நிலத்தடி எல்ஃப்களுக்கு 120 அடி. எல்லைக்கு அப்பால் நீங்கள் இருந்தால் அவருக்கும் அது கும்மிருட்டுதான்.

ஆனால் இருட்டு வீணாகப் போவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துத் தேடுபவருக்கு டிஸ்அட்வான்டேஜ். பாஸிவ் பெர்செப்ஷனில் அது 5 குறைவு. ஆக, நீங்கள் ஒரு பாறைக்குப் பின்னால் இருட்டில் ஒளிந்தால், பாறை உங்களை ஒளிய விடுகிறது, இருட்டு உங்களைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குகிறது. டார்க்விஷன் இருப்பதால் பகல் போலத் தெரியும் என்று நினைத்துப் பல டிஎம்கள் இந்த 5ஐக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து நினைவுபடுத்துங்கள்.

தீவட்டியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அது 20 அடிக்கு நல்ல வெளிச்சமும், அதற்கு மேல் 20 அடிக்கு மங்கிய வெளிச்சமும் தரும். கையில் தீவட்டி வைத்திருக்கும் மனிதரை 100 அடி தூரத்து இருட்டிலிருந்து நீங்கள் தெளிவாகப் பார்க்கலாம், அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். உங்கள் குழுவில் ஒருவர் தீவட்டியோடு உங்கள் பக்கத்திலேயே நின்றால் கதை தலைகீழ்.

ஃபாக் கிளவுட் (மூடுபனி மந்திரம்) போட்டு நடுவில் நின்றால் எனக்குத் தொடர்ந்து அட்வான்டேஜ் கிடைக்குமா?

கிடைக்காது. 20 அடி ஆரத்துக்கு மூடுபனி பரவுகிறது, உள்ளே எல்லாம் அடர்ந்த மறைப்பு. எதிரிக்கு நீங்கள் தெரியவில்லை, அதனால் அட்வான்டேஜ். உங்களுக்கும் எதிரி தெரியவில்லை, அதனால் டிஸ்அட்வான்டேஜ். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்ச் சாதாரண உருட்டலாகிவிடும். உள்ளே ஒளிய முடியும், அதற்குத் தடையில்லை. ஒளிந்துவிட்டால் எதிரி உங்கள் கட்டத்தை ஊகிக்க வேண்டும். தப்பி ஓடுவதற்கு அருமையான மந்திரம், ஸ்னீக் அட்டாக்குக்கு உதவாது.

எதிரி என்னைத் தேட வேண்டுமென்றால் என்ன செய்வான்?

சர்ச் ஆக்‌ஷன் எடுத்து பெர்செப்ஷன் உருட்டுவான். 2024 விதிப்படி உங்கள் ஸ்டெல்த் மொத்தத்தைத் தொட்டாலே கண்டுபிடித்துவிட்டான். இங்கே உங்களுக்கு ஒரு மறைமுக லாபம் இருக்கிறது: தேடுவதற்கு அவன் ஆக்‌ஷனைச் செலவழிக்கிறான், அந்த டர்னில் உங்கள் தோழர்கள் மேல் அடி விழவில்லை. ஓகர் (ராட்சதன்) ஒன்று ஒரு டர்ன் முழுக்கப் புதரைக் கிளறிக்கொண்டிருந்தால் அது உங்கள் குழுவுக்கு நல்ல வியாபாரம்.

தோழர் உடம்புக்குப் பின்னால் ஒளியலாமா? ஹாஃப்லிங் (குள்ள இனம்) மட்டும் எப்படி ஒளிகிறது?

இன்னொரு ஆள் தருவது பாதிக் கவர், அது போதாது என்று மேலே பார்த்தோம். ஹாஃப்லிங்குக்குத் தனிச் சலுகை உண்டு. தன்னை விட ஒரு அளவாவது பெரிய உயிருக்குப் பின்னால் அது ஒளிய முயலலாம். 2014இல் லைட்ஃபுட் ஹாஃப்லிங்குக்கு மட்டும், 2024இல் எல்லா ஹாஃப்லிங்குக்கும். 2014இன் வுட் எல்ஃப் (காட்டு எல்ஃப் இனம்) மழை, பனி, இலைதழை போன்ற இயற்கையான லேசான மறைப்பிலேயே ஒளிய முடிந்தது. 2024இல் அதை எடுத்துவிட்டார்கள், பதிலாக ஐந்தாம் லெவலில் பாஸ் வித்தவுட் டிரேஸ் மந்திரம் வருகிறது. அது உங்களுக்கும் அருகில் இருக்கும் தோழர்களுக்கும் ஸ்டெல்த்தில் 10 கூட்டும்.

பிளேட் ஆர்மர் (முழு உலோகக் கவசம்) போட்டிருக்கிறேன். முயற்சி செய்து பலன் உண்டா?

பிளேட், செயின் மெயில், ஹாஃப் பிளேட் எல்லாம் ஸ்டெல்த்துக்கு டிஸ்அட்வான்டேஜ். பிரெஸ்ட்பிளேட்டுக்கு அது கிடையாது. பாஸ் வித்தவுட் டிரேஸின் 10 கூடினால் பிளேட் போட்டவருக்கும் ஓரளவு நம்பிக்கை உண்டு.

சண்டைக்கு முன்பே ஒளிந்திருந்தால் எதிரிக்கு முதல் டர்ன் போய்விடும்தானே?

2014இல் ஆம். எந்த அபாயத்தையும் கவனிக்காத எதிரி முதல் டர்னில் நகரவும் முடியாது, ஆக்‌ஷனும் எடுக்க முடியாது. ஆனால் உங்கள் குழுவில் ஒருவரை அவர் கவனித்துவிட்டாலும் சர்ப்ரைஸ் போச்சு. பிளேட் போட்ட தோழரை அம்பெறி தூரத்துக்குப் பின்னால் நிறுத்துவது இதற்காகத்தான்.

2024இல் சர்ப்ரைஸின் பலத்தைக் குறைத்துவிட்டார்கள். எதிரிக்கு இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்று தீர்மானிக்கும்) உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ், ஒளிந்திருக்கும் உங்களுக்கு அட்வான்டேஜ். டர்ன் எதுவும் பறிபோகாது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. பழைய விதியில் கடைசி எதிரி வாளை உருவுவதற்குள்ளேயே சண்டை முடிந்துபோவதுண்டு.

நான் டிஎம். எங்கள் ரோக் ஒவ்வொரு ரவுண்டும் ஒளிந்து அடிக்கிறார். மற்றவர்கள் சலித்துப்போகிறார்கள். தடுக்கலாமா?

விதியை வைத்துத் தடுக்க வேண்டாம், அவர் விதிப்படிதான் ஆடுகிறார். ஒளிந்து ஒரு அடி, அட்வான்டேஜோடு. அதே நேரத்தில் ஃபைட்டர் இரண்டு மூன்று முறை தாக்குகிறார். கணக்குப் பார்த்தால் ரோக் மிஞ்சிப் போவதில்லை.

சலிப்பு வருவது வாதாடுவதால்தான் என்றால், வரைபடம் வைத்த உடனேயே "இந்தத் தூண்கள் முழுக் கவர், இந்தப் பீப்பாய்கள் பாதி, புதர் அடர்ந்த மறைப்பு" என்று அறிவித்துவிடுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீரும். ஒரே இடத்தில் நின்று அடிப்பதால் சலிப்பு என்றால் தூணின் இரண்டு பக்கமும் எதிரிகளை அனுப்புங்கள், ரெடி ஆக்‌ஷனோடு ஒரு வில்லாளியை நிறுத்துங்கள், புதருக்குத் தீ வையுங்கள். காப்ளின்களை அவற்றின் போனஸ் ஆக்‌ஷனில் ஒளிய வையுங்கள். எட்ட வேண்டிய எண்ணை மட்டும் ரகசியமாக ஏற்றாதீர்கள். ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்த திறமையை அப்படிப் பறிப்பது நியாயமில்லை.

ஓநாய், வௌவால் மாதிரி விலங்குகளிடமிருந்தும் ஒளிய முடியுமா?

முடியும், கொஞ்சம் கடினம். 2014 புத்தகத்தின் ஓநாய்க்குப் பாஸிவ் பெர்செப்ஷன் 13. மோப்பத்தாலும் காதாலும் கவனிக்கும்போது அதற்கு அட்வான்டேஜ் என்பதால் 5 கூட்டி 18 என்று கொள்ள வேண்டும். இருட்டு இங்கே உதவாது, ஏனென்றால் அது மூக்கால் தேடுகிறது. வௌவாலின் பிளைண்ட்சைட்டுக்கு (கண் இல்லாமலே உணரும் திறன்) இருட்டும் மூடுபனியும் ஒரு பொருட்டே இல்லை. 2024 விதிப்படி முழுக் கவருக்குப் பின்னால் இருப்பவரை மட்டும் பிளைண்ட்சைட் எட்டாது. ஆக, சுவர் வேண்டும்.

ஒளிந்திருக்கும் ரோக் அடிபட்டுக் கிடக்கிறார். கிளெரிக்கால் (குணப்படுத்தும் பூசாரியால்) அவருக்கு ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் மந்திரத்தைப் போட முடியுமா? அதற்குப் "பார்க்கக்கூடியவர்" வேண்டுமே?

நல்ல கேள்வி, 2024 விதியில்தான் எழுகிறது. இன்விஸிபிள் நிலையில் இருப்பவரைப் பார்க்க வேண்டிய மந்திரங்கள் பாதிக்காது, மந்திரம் போடுபவரால் எப்படியாவது அவரைப் பார்க்க முடிந்தால் தவிர. "எப்படியாவது" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரோக் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார், கிளெரிக்கும் சுவரின் அதே பக்கத்தில் நிற்கிறார் என்றால் அவர் கண்ணுக்கு ரோக் தெரிகிறார், மந்திரம் போடலாம். கிளெரிக் எதிரிகளின் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் அவருக்கும் ரோக் தெரியவில்லை, ஹீலிங் வேர்ட் போட முடியாது. அப்போது சுவரைச் சுற்றி ஓடிப் போய்க் கையால் தொட்டு கியூர் ஊண்ட்ஸ் போடலாம். அதற்குத் தொட்டால் போதும், பார்க்கத் தேவையில்லை. ஹீலிங் வேர்டை அவர் சுவரில் ரோக் இருக்கும் பக்கம் நின்று உரக்கச் சொன்னால் எதிரியின் காதிலும் விழும், ஆனால் மந்திரம் போட்டது கிளெரிக் என்பதால் ரோக் தொடர்ந்து ஒளிந்தேதான் இருக்கிறார்.